தளர்ந்துகொடுக்கும் கை

மீன் பிடிக்கப் புழு வேண்டாம், இறகு போதும் என்று என் கணவர் சொன்னபோது, வாதம் மூளையையும் தொட்டுவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வலது கையும் காலும் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பேச்சு குழறும். அதனால் எதையும் சுருக்கமாகத்தான் சொல்வார்.

மலையில் ஒரு விருந்தினர் மாளிகையில் ஜீப் ஓட்டியவர் அவர். பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார், போவார். நான் ஆரணியில் தறியில் உட்கார்ந்து பெண்ணை வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். மாளிகையில் தங்க வந்தவர்களோடு ஓடைக்குப் போய்ப் போய், பொய்ப்பூச்சி வீசி மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டாராம். கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றினால் தண்ணீரில் பூச்சி மாதிரி மிதக்கும். மீன் ஏமாந்து கவ்வும். வேலையை விட்டு வீட்டோடு வந்தபோது ஒரு தூண்டில்கோலைப் பச்சைப் பையில் போட்டு எடுத்து வந்தார். நம் பக்கத்து ஏரியில் அதை வீச வேண்டும் என்பது அவருடைய இருபது வருஷத்து ஆசை. வந்த நாற்பதாம் நாள் படுத்துவிட்டார்.

"நீ வீசு. நா பாக்கறேன். ஒரே ஒரு மீனு," என்றார்.

"அப்ப தறிய யாரு நெய்யறது? ஒங்க மீனா?"

"அமாவாசைக்குப் போலாம்."

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் என் கையும் காலும் எனக்குச் சொந்தம். அன்றைக்கு வீட்டில் கவுச்சியும் ஆகாது. அமாவாசையும் அதுவுமாக மீனோடு வந்து இறங்கினால் தெரு சிரிக்கும் என்றேன். "துன்றதுக்கா புடிக்கறோம்? பாத்துட்டு வுட்டுர்லாம்," என்றார். பாத்துட்டு விடுவதற்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போக வேண்டுமாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

பூச்சி கட்டுவது மட்டும் எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. கறிக்கடையில் சேவல் இறகு வாங்கினேன். தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலை வைத்துக் கட்டினேன். அவர் அதை இடது உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இப்டிக் கட்ட எனக்குப் பத்து வருசம் ஆச்சு," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

வீசக் கற்றது மொட்டைமாடியில். நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் தரையைத் தட்டுவார். ஒரு தட்டுக்குக் கோலைப் பின்னால் தூக்க வேண்டும். நூல் முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும். அடுத்த தட்டுக்கு முன்னால் வீச வேண்டும். நான் பொறுக்க மாட்டேன். பக்கத்து மாடிக்காரி துணி காயவைத்துக்கொண்டே, "இன்னாக்கா, எத்தினி கிலோ வியுந்துது?" என்பாள். நூறு தடவை தப்பு செய்தாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

முதல் அமாவாசைக்கு எங்கள் தெரு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு, சந்தவாசல் தாண்டி மலையடிவாரத்து ஏரிக்குப் போனோம். அவரைத் தாங்கி ஒரு பாறைமேல் உட்காரவைத்தோம். ஒரு மணி நேரம் வீசவே விடவில்லை. "தண்ணியப் பாரு," என்றார், அவ்வளவுதான். முப்பது வருஷமாகத் தறியில் நான் பார்த்ததெல்லாம் ஒரு முழத் தூரம். முதலில் தண்ணீர் வெறும் தண்ணீராகத்தான் இருந்தது. அப்புறம் தட்டான்கள் தெரிந்தன. கோரைப்புல் ஓரமாக மீன் வாய்வைத்த சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குள் சண்டை இல்லை.

அன்று நூல் கருவேலமரத்தில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டாம் அமாவாசையில் மீன் கவ்வியது, போய்விட்டது. மூன்றாம் அமாவாசையிலும் அப்படியே. குற்றம் என் கையில் இருந்தது. பட்டு இழை எங்கேயாவது சிக்கி இழுத்தால் நெய்கிறவள் கை தானாகத் தளர்ந்துகொடுக்கும், இல்லாவிட்டால் இழை அறுந்துபோகும். மீனுக்கோ இழுத்த நொடியில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நான் தளர்த்தினேன், மீன் துப்பிவிட்டுப் போனது. கோலைத் தூக்கிக் கரையில் எறிந்தேன். "எடுத்து வையி, ஒடஞ்சிடப்போவுது," என்றார், அதே நிதானத்தோடு.

வீட்டில் புதுப் பாடம் ஆரம்பித்தார். பட்டு நூலை முறுக்கி ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் இடது விரலிலும் கட்டச் சொன்னார். அவர் கட்டிலில். நான் தறிப்பலகையில், அவருக்கு முதுகைக் காட்டி. முகத்தைப் பார்த்தால் எப்போது இழுப்பார் என்று தெரிந்துவிடுமே, அதனால். அவர் இழுத்தால் நான் இறுக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் இரண்டு தரம் மெல்லச் சுண்டுவார், அதுதான் சபாஷ். சாயங்காலம் தறி நின்றதும் தினமும் இதே வேலை.

நான்காம் அமாவாசைக்கு முந்தின வாரம், தறியில் இழை சிக்கியபோது என் கை தளரவில்லை. இறுக்கியது. ஒரு கொத்து இழை பட்டென்று அறுந்தது. கல்யாணப் புடவை அது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஒங்களால என் கையே கெட்டுப்போச்சு. இருவது வருசம் அங்க சொகமா மீன் புடிச்சிகினு இருந்தீங்க, இப்ப என் பொழப்புல மண்ணப் போடறீங்க."

அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். அமாவாசையன்று தெருவே ஓய்ந்திருக்க, நான் தறியில் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். "ஏரி?" என்று ஒரு தரம் கேட்டார். அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன்.

அடுத்த அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், நானே நூலை எடுத்து அவர் விரலில் கட்டினேன். மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. "கோவம் போச்சா?" என்று சிரித்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

இழுப்பு வந்தது. என் கை தளரவில்லை.

"பாத்தீங்களா? வுட்டனா?" என்றேன். இரண்டு சுண்டுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. இழுப்பு மட்டும் கனமாக அப்படியே இருந்தது. சோதிக்கிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். "நீங்க வுட்டாதான் நா வுடுவேன்," என்று சொல்லிச் சிரித்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது கட்டில் விளிம்பில் சரிந்து கிடந்தார். இடது கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். டாக்டருக்கென்ன, சொல்வார். நூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் நான்.

நாலைந்து அமாவாசை கழித்து அதே ஆட்டோவில் ஏரிக்குப் போனேன். ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பாறை காலியாக இருந்தது. ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்தேன். பிறகு தூக்கினேன், பொறுத்தேன், வீசினேன். வட்டம் விழுந்தது. கை இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை, உதட்டில் அரக்குப் பட்டோடு கரைக்கு வந்தது.

கொக்கியைக் கழற்றி, மீனைப் பாறைப் பக்கமாகத் தூக்கிக் காட்டினேன். அப்படியே நின்றேன்.

"அக்கா, தண்ணியில வுடுங்க. செத்துடப்போவுது," என்றார் ஆட்டோக்காரர்.

விட வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. கை திறக்கவில்லை. ஆட்டோக்காரரே வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மீனை வாங்கித் தண்ணீரில் விட்டார்.