ராணி நோட்டு

பொற்காசு அக்காவுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. வேலை செய்யும் இடத்தில் உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கும் ஒரு ‘பழங்கால ஊரில்’ அவருக்கு வேலை. உள்ளே நிஜப் பணம் செல்லாது. வாசலில் உள்ள மரக்கூண்டில் கொடுத்து, அந்த ஊர்க் காசாக மாற்றிக்கொள்ள வேண்டும். தகரத்தில் முலாம் பூசிய நாணயம், மஞ்சள் தாளில் அச்சடித்த நோட்டு. அதைக் கொடுத்தால்தான் பானை வாங்கலாம், குதிரை வண்டியில் ஏறலாம். மிச்சமானதைத் திருப்பி வாங்க மாட்டார்கள். ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். முதலாளி கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை.

அந்தக் கூண்டுக்குள் காலையிலிருந்து கதவு சாத்தும்வரை நிற்பவர் அக்கா. தலையில் சவுரிக் கொண்டை, கழுத்தில் கனத்த பித்தளை ஆரம். வருகிறவர்களிடம் “பொற்காசு வேண்டுமா?” என்று கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. முழங்கால் தேய்ந்து போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் மகள்தான் காலைத் தூக்கித் தலையணைமேல் வைக்க வேண்டும்.

“வேலையை விட்டுடேன்மா.”

“விட்டுட்டு? மாப்பிள்ளை சம்பளத்துல நானும் சாப்பிடவா? போடி.”

ஸ்டூல் கேட்டு மேலாளரிடம் போனார்.

“அந்தக் காலத்துல ஸ்டூல் ஏதும்மா? பாக்குறவங்களுக்கு உறுத்தும். வேணும்னா தரையில சம்மணம் போட்டு உக்காருங்க.”

“மடக்க முடிஞ்சா நான் ஏன் சார் கேக்கப் போறேன்? கார்டு தேய்க்கிற மெஷின் மட்டும் அந்தக் காலத்துல இருந்துச்சா? அதுக்குப் பட்டுத்துணி போத்தி வச்சிருக்கோமில்ல. ஸ்டூலுக்கும் ஒண்ணு போத்திட்டாப் போச்சு.”

“மெஷின் வருமானம்மா.”

செவிடன் காதில் ஊதிய சங்கு. அக்கா திரும்பி வந்து நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் புது நோட்டு அடிக்க ஒரு ராணி முகம் தேவைப்பட்டது. வரவிருந்த மாடல் பெண் வரவில்லை. உடையும் ஆரமும் ஏற்கெனவே போட்டிருக்கிறாரே என்று அக்காவை இழுத்துப்போய்ச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். மெத்தை போட்ட சிம்மாசனம். சாய்ந்ததுதான் தெரியும், விளக்கைச் சரிசெய்து முடிப்பதற்குள் அக்கா தூங்கிவிட்டார். அதையே படமெடுத்தார்கள். “என்ன சாந்தம்! என்ன கம்பீரம்!” என்று முதலாளி பூரித்துப்போனார். அசதி என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நோட்டு சக்கைப்போடு போட்டது. செலவழிக்க மனமில்லாமல் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஆளுக்கொன்றாக அக்காதான் நின்றபடி எடுத்துக் கொடுத்தார், உட்கார்ந்திருக்கும் தன்னை.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி மேலாளரிடம் போனார். “பாருங்க சார், நானே உக்காந்துதான் இருக்கேன்.”

அவர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “அது ராணிம்மா. நீங்க காசு மாத்துறவங்க.”

இதை அக்கா சொல்லக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் அக்காவுக்கு வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

பிறகு சிம்மாசனத்தையே தோட்டத்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு ராணி நோட்டு கொடுத்தால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். படம் எடுத்ததும் எழுந்துவிட வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா கைப்பையைத் திறந்து, தன் பணத்தைத் தானே கல்லாவில் போட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

முறை வந்ததும் போட்டோக்காரர் திகைத்தார். “அக்கா, நீங்களா?”

“ஏன், என் காசு செல்லாதா?”

நோட்டை அவர் கையில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டு காலையும் மெல்ல நீட்டினார்.

“சிரிங்கக்கா.”

“வரும்போது வரட்டும்பா. நீ அவசரப்படாதே.”

போட்டோக்காரர் ஒரு நிமிடம் அவர் கால்களைப் பார்த்தார். பிறகு கேமராவைக் கீழே இறக்கி, சட்டை நுனியால் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சுத்தமாக இருந்த லென்ஸை அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.