துரைக்கு முதுகு காட்டிய கோமாளி

சீன தேசத்துக் கூத்தின் வரலாற்றை எங்கள் பக்கத்தில் முதலில் தெரிந்துகொண்டவன் நான்தான். சந்தேகப்படுகிறவர்கள் யட்டவத்தையில் என் கடைக்கு வரலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவன், இன்றைக்கு மாடி வைத்த கடைக்குச் சொந்தக்காரன். படித்த பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை ஒன்பது வயதிலேயே முடித்துவிட்டேன்.

அப்போது நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில், இருந்தோம். நாடு சுதந்திரமடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தில் மட்டும் துரை அதே வெள்ளைக்காரர், சலாமும் அதே சலாம். பகலில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் அப்பாதான் எங்கள் கூத்து வாத்தியார். மாரியம்மன் திருவிழாவுக்கு அர்ச்சுனன் தபசு ஆடுவோம். காலையில் ஆட்களை நிறுத்தி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம் கோயிலுக்கு எதிரே இருந்தது, அதுதான் ஆடுகளம். அதன் மறுகோடியில் துரைக்கு நாற்காலி போடுவார்கள். கூத்துக்காரர்கள் அந்த நாற்காலியைப் பார்த்தே ஆடவேண்டும். அம்மன் முதுகுப் பக்கம். முதலில் வரும் கோமாளி துரைக்குச் சலாம் வைத்துவிட்டுப் பாட்டெடுப்பான். அப்படியே பழகிவிட்டார்கள். அந்த வருடம் கோமாளி நான்.

திருவிழா நெருங்கும்போது சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சீனாக்காரர் ஒருவர் லயத்துக்கு வந்தார். அம்மா ஜாக்கெட் துணியைப் புரட்டிக்கொண்டிருக்க, நான் வாசலில் கோமாளி நடை பழகினேன். அதைக் கண்டதும் மனிதர் வியாபாரத்தை மறந்துவிட்டார். முழங்காலை மடக்கி, குந்தினபடியே, குள்ளன்போல வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார் பாருங்கள், மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. நானும் குந்தி அவர் பின்னாலேயே போனேன்.

அரைத் தமிழ், அரைச் சிங்களம், மீதிக்குக் கை. அப்படித்தான் அவர் கதை சொன்னார். ஆதியில் மழைக்காகவும் நோய் விலகவும் சாமி முன்னால் முகமூடி போட்டு ஆடினார்களாம். பிறகு ஒரு ராஜா தன் பேரிக்காய்த் தோட்டத்தில் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பழக்கினாராம். அந்த ராஜாவே கோமாளி வேஷம் கட்டினாராம். அதனால், கோமாளி மூக்கில் வெள்ளை பூசின பிறகுதான் மற்றவர்கள் சாயக் கிண்ணத்தைத் தொடலாம். வெகுகாலம் கழித்து, இன்னொரு ராஜாவின் பிறந்தநாளுக்குத் தெற்கேயிருந்து கூத்துக்காரர்கள் தலைநகருக்குப் போய், திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். போன இடத்திலிருந்து திரும்பாதவர்கள் என்றால், கடல் தாண்டித் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் மாதிரிதான் என்று அம்மா சொன்னாள். தலைநகரில் தங்கின அந்தக் கூத்துக்காரர்களின் பாட்டும் மற்ற ஊர்ப் பாட்டும் கலந்து பெரிய கூத்தானது. முகத்தில் பூசும் சாயத்துக்கும் கணக்கு வந்தது. சிவப்பு விசுவாசி, கறுப்பு நேர்மைக்காரன், முகம் முழுக்க வெள்ளை என்றால் சூதுக்காரன்.

எங்கள் கூத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். துரை என்றேன். அவர் கோயிலைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார்.

"சாமிக்கு முதுகா? எங்க ஊர்ல மேடை சாமி பாத்து நிக்குறது. ஆள் வராட்டியும் ஆடுறது. சாமி பாக்குது தானே."

"அதெல்லாம் ஒங்க ஊர்லங்க மொதலாளி. நீங்க துணிய வெட்டுங்க," என்றாள் அம்மா.

எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. ராஜா கட்டின வேஷம் அல்லவா எனக்கு வாய்த்திருக்கிறது!

திருவிழா அன்று பிற்பகல், என் மூக்கில் வெள்ளை ஏறும்வரை யாரையும் அரிதாரத்தைத் தொடவிடவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். மத்தளம் அதிர்ந்தது. திரை விலகியதும் துள்ளிக் குதித்து வந்தேன். எதிரே துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரிய கங்காணி. நான் குந்தினபடியே ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலிக்கு முதுகைக் காட்டி, அம்மனுக்குச் சலாம் வைத்துப் பாடத் தொடங்கினேன்.

மத்தளம் நின்றது. துரையை மதிக்காதவன் சட்டிபானையோடும் பெண்டுபிள்ளையோடும் தோட்டத்தைவிட்டு இறங்கவேண்டியதுதான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நான் ராஜா.

"டேய், திரும்புடா பயலே," என்று கங்காணி பல்லைக் கடித்தார்.

நான் இன்னும் உச்சத்தில் பாடினேன். அடுத்து வரவேண்டியவர் அர்ச்சுனன், அதாவது அப்பா. வில்லோடு வந்து களத்தின் நடுவில் நின்றார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பி, அம்மனைப் பார்த்து நின்று, என் பாட்டின் அடுத்த அடியைத் தன் குரலில் எடுத்தார். அப்படியொரு குரலை அதற்கு முன் அவரிடம் நான் கேட்டதில்லை. மத்தளம் சேர்ந்துகொண்டது. நாற்காலிப் பக்கம் உட்கார்ந்திருந்த சனம் ஒவ்வொருவராக எழுந்து கோயில் பக்கம் வந்தது. கூத்துப் பார்க்க வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற சீனாக்காரர் "ஹாவ்!" என்று கத்தினார். அவர் ஊரில் நல்ல ஆட்டத்துக்கு அப்படித்தான் கத்துவார்களாம். எனக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது.

துரை பாதியில் எழுந்து போனார். கூத்து முடிந்ததும் கங்காணி வந்து, இது யார் வேலை என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பயலுக்கு என்னங்க தெரியும்? நாந்தான் அப்படி ஆடச் சொன்னேன்."

இல்லை, நான்தான் என்று கத்தப் போனேன். அம்மா முந்தானையால் என் வாயைப் பொத்தினாள்.

லயத்தைவிட்டு எங்களை இறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கவ்வாத்துக்கு அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. மண்வெட்டியைக் கொடுத்து, அட்டை மொய்க்கும் பள்ளத்தில் தனியாக, மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு அதே வேலை. நான் அவரோடு பேசவில்லை. என் பெருமையை எல்லோர் முன்னாலும் தன் பெயரில் போட்டுக்கொண்ட மனிதரோடு என்ன பேச்சு? பள்ளத்துக்கு மேலே ரோட்டில் நின்று, மற்றப் பிள்ளைகளிடம், "எங்கப்பா பொய் சொல்றாரு, அது நான் செஞ்சது," என்றேன். கீழே இடுப்பளவு சேற்றில் நின்றவருக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொன்னேன்.