என் வீட்டுக்காரரின் விரலைக் கடித்த எலி

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கு மூளை அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அவ்வளவு மூளையையும் செலவழித்து அவள் தன் அப்பாவுக்கு வாங்கி வந்தது ஓர் எலி. அதற்கு ஒரு கம்பிக் கூண்டு, ஓடி விளையாட ஒரு சக்கரம், படுக்க மரத்தூள், சொட்டுச் சொட்டாகக் குடிக்க ஒரு தண்ணீர்ப் போத்தல். எங்கள் காலத்தில் கல்யாணப் பெண்ணுக்கே இவ்வளவு சீர் கிடையாது.

"இது எலி இல்லம்மா, ஹேம்ஸ்டர்" என்றாள்.

"வாலு கட்டையா இருந்தா எலிக்குப் பேரு மாறிடுமா?" என்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அரிசி மூட்டையில் ஓட்டை போடுகிற இனத்தைத் துடைப்பத்தோடு துரத்தித்தான் எனக்குப் பழக்கம். கிண்ணத்தில் குவாச்சி வைத்து, அந்தச் சூரியகாந்தி விதையை ஒவ்வொன்றாக ஊட்டி உபசரித்துப் பழக்கமில்லை.

ஆனாலும் அவள் வாங்கி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி முற்றி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சப்பாத்துக்குள் கிடந்த ஒரு சின்னக் கல் நாள் முழுக்கக் குத்தியிருக்கிறது. காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு லோரியும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாமி மேடையில் விளக்கேற்றும்போதெல்லாம் நான் முருகனிடம் கேட்டது ஒன்றுதான்: இந்த மனிதர் வாயைத் திறந்து என்னைத் திட்டவாவது வேண்டும்.

எலி வந்த அன்று அவர் வாயைத் திறந்தார்.

"இங்க வந்து பாரேன், இது மூஞ்சி கழுவுது!"

முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். அதற்காகத் தன் அண்ணனுடைய வாகனத்தைத்தான் அனுப்பியிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம்.

முகம் கழுவுகிற அந்த மகாராஜா, கையை நீட்டினவர்களை எல்லாம் கடித்தது. முதலில் வாங்கி வந்த மகளையே கடித்தது. அவள் விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு பஸ் ஏறிவிட்டாள். பிறகு ஆலோசனை சொல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

"பிள்ளையார் வாகனம்லா அது. வெள்ளிக்கிழமை வீட்டுல கவிச்சி இல்லாம இருந்தா கடிக்காது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

நான் வெள்ளி மட்டுமல்ல, செவ்வாயும் கவிச்சி தொடாதவள். என் மகளை அது கடித்ததே ஒரு செவ்வாய்க்கிழமைதான். எனக்கும் பக்தி உண்டு. ஆனால் எது நடந்தாலும் அதைக் கொண்டுபோய் சாமி தலையில் கட்டுகிற பக்தி இல்லை. "அப்படின்னா நீங்களே கொண்டுபோய் மேடையில வச்சுக்குங்க அக்கா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வாகனத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து சுங்கை சிப்புட்டிலிருந்து என் கொழுந்தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "அண்ணி, மிருகத்துக்குப் பயந்தா அது தலைமேல ஏறும். நான் தோட்டத்துல காட்டுப்பன்னியவே பாத்தவன்" என்று மோட்டார் சைக்கிள் ஓட்டும் கையுறையோடு கூண்டுக்குள் கையைவிட்டார். எலி கையுறையின் நுனியைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"அலாமா! அண்ணி, புடிங்க அண்ணி! எடுத்து உடுங்க!"

"காட்டுப்பன்னியப் பாத்தவருதானே, இதையும் பாத்துக்கிட்டு இருங்க" என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கையைக் கூண்டுக்குள் வைத்திருந்தார். எலி அவருடைய ஆள்காட்டி விரலைக் கவ்வியிருந்தது. அவர் இழுக்கவில்லை, உதறவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வலிக்கவே இல்ல பாரு. நான்தான் இதுக்குச் சரியான ஆளு."

"அண்ணனுக்கு எம்புட்டுத் தைரியம்!" என்றார் கொழுந்தன்.

"தைரியமா? அது வியாதி" என்றேன். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். நல்லவேளை, தோல் கிழியவில்லை. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார், கை விரல்களிலும் உணர்ச்சி குறைகிறது, ஒரு சின்னக் காயம் போதும், கால் விரல் போன மாதிரி இதுவும் போய்விடும் என்று. அன்றிலிருந்து கூண்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். "சரி சரி" என்றார். லோரிக்காரர்களின் சரி எனக்குத் தெரியாதா?

ஒரு நாள் காலையில் விளக்கேற்றிவிட்டுத் திருநீற்றுத் தட்டை நீட்டினேன். மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசினார். இரண்டு கோடு வெள்ளை, ஒரு கோடு சிவப்பு.

தட்டை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். விரலைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் இரண்டு சின்ன ஓட்டைகள்.

"எப்ப கடிச்சுது?"

அவரும் விரலைப் பார்த்தார். யாரோ ஒருத்தருடைய விரலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "தெரியலையே..."

கிளினிக்கில் மிஸ்ஸி கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டே, "எலிக்குக் குடுக்க வேற கை கெடைக்கலையா அங்கிள்?" என்றார். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நான் கூண்டைத் தூக்கினேன், டவுனில் இந்த மாதிரி விற்கிற கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

திட்டியிருந்தால் நான் போயிருப்பேன். அந்த முதுகைத் தாண்டிப் போக முடியவில்லை. கூண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "கடிபடறதுக்கு வலி தெரிஞ்ச கை வேணும். என் கை இருக்கு. நானே பழக்குறேன். இது கடிக்கிறத விடுற வரைக்கும் நீங்க கிட்ட வரக்கூடாது."

மகளிடம் போனில் கேட்டேன். பகலில் தூங்கும்போது எழுப்பாதே, சாப்பிட்ட கையோடு போகாதே, உன் பழைய துணியில் ஒரு துண்டை உள்ளே போடு, கையை விரித்து வைத்துச் சும்மா இரு என்றாள். ஒரு மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை நிபந்தனை இராது. பழைய கைலியில் ஒரு துண்டைக் கிழித்துப் போட்டேன். தினமும் சாயந்தரம் விளக்கு வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்கையில் குவாச்சியை வைத்துக் கூண்டுக்குள் நீட்டினேன்.

கடித்தது. உயிர் போகிற வலி. கத்தினேன். நாற்காலி சுவரைவிட்டுத் திரும்பியது.

"கைய இழுக்காதே! இழுத்தா இன்னும் பயந்துக்கும். கொஞ்சம் பொறுத்துக்க, தாஹான் பண்ணு!"

"தாஹான் பண்ணணுமாம்! உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. கடி வாங்கிப் பாத்தாத்தானே தெரியும்."

"நான்தான் வாங்கினேனே" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை.

மற்றவர்கள் கொஞ்சிப் பழக்குவார்களாம். எனக்குக் கொஞ்ச வராது. "பெரிய சுல்தான் வீட்டுப் பிள்ளை. பகல் பூரா தூக்கம், பொழுது சாஞ்சா சக்கரத்துல ஊர்வலம். வேலை இல்ல வெட்டி இல்ல, கோபம் மட்டும் மூக்குக்கு மேல" என்று அதன் மூஞ்சிக்கு நேராகத் திட்டிக்கொண்டே கையை வைத்திருப்பேன். கடி குறைந்தது. பிறகு பல்லை வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஒரு சாயந்தரம் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, என் திட்டைக் கேட்டுக்கொண்டே குவாச்சியை ஒவ்வொன்றாகக் கன்னத்துக்குள் அடைத்தது. திருடனுக்கு வெட்கமாவது இருக்கும்.

அவருடைய விரல் மெதுவாகத்தான் ஆறியது. மிஸ்ஸி கட்டைப் பிரித்து, இனிக் கவலை இல்லை என்றபோது அந்த இடத்திலேயே முருகனைக் கும்பிட்டேன். அன்று சாயந்தரம் அவர் என் முன்னால் நின்று, பள்ளிப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் கழுவிக் காட்டினார். நான் எலியை என் கையிலிருந்து அவர் உள்ளங்கைக்கு நடத்திவிட்டேன். அது கடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தது, விரல்மேல் நடந்தது, திரும்பி வந்தது. அவர் முகம் மாறவே இல்லை.

"நடக்குதா?" என்றார்.

"கண்ணு முன்னாலதானே நடக்குது."

"பாக்குறேன். காலு வைக்கிறது தெரியலையே."

குவாச்சி ஒன்றைக் காட்டி எலியை மேலே கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை மடிப்புவரைக்கும். அங்கே அது நின்று, மீசையை ஆட்டி, தோலை முகர்ந்தது.

அவர் உடம்பு குலுங்கியது. "ஏய்... கூசுது. கூசுதுலா!"

"ஆடாதீங்க, கடிச்சு வைக்கும்."

"கடிக்கட்டுமே. இங்க கடிச்சா வலிக்கும்!" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

புத்தியுள்ள மனிதர் பேசுகிற பேச்சா இது?