நான் எழுதிய தீவில் வாடகை வீடு

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு வீடு கிடைத்ததற்குக் காரணம், வீட்டுக்காரர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான்.

"எந்த ஊரு?" என்று கேட்டார். தென்னேரி என்றோம். "தென்னேரியா? ஏரில தண்ணி இருக்குதா?" என்றார். இருக்கிறது என்றார் என் கணவர். அடுத்து என்ன வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தென்னேரியில் எந்தப் பக்கம், ஊரா, காலனியா என்பதுதான் அது. அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சாயப்பட்டறையிலிருந்து அவருக்கு போன் வந்தது. பட்டு நூலில் அரக்குச் சாயம் திட்டுத்திட்டாக ஏறிவிட்டதாம். கத்திக்கொண்டே வெளியே போனார். திரும்பி வந்தபோது கோபத்தில் எல்லாம் மறந்து, சாவியைக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் நாங்களும் நிறுத்திக்கொண்டோம். அவ்வளவுதான். அதற்கு முன் பெரிய காஞ்சிபுரத்தில் நான்கு வீடு பார்த்திருந்தோம். நான்கிலும் மறுநாள் காலை அந்தந்த வீட்டுக்காரரின் மச்சான் ஒருவர் வெளியூரிலிருந்து குடிவந்துவிட்டார்.

கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். கூடத்தில் ஐந்து தறி. மேலே இரண்டு குடித்தனம் இருக்கலாம். ஒன்றில் நாங்கள், ஒன்று காலி. மகள் பத்தாம் வகுப்பு, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை, கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். ஆங்கிலம் நடத்துகிறேன்.

எனக்குக் கொடுத்த பாடம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கதைகள். இல்லாத ஊருக்குப் போய் வந்ததாக எழுதிய கதைகள். அந்தக் காலத்தில் ராஜாவை, வக்கீலை, பாதிரியை, டாக்டரைப் பெயர் சொல்லித் திட்டினால் ஜெயில். அதனால் எழுதுகிறவன் ஒரு கப்பலை உடைப்பான். ஒருவனை மட்டும் பிழைக்க வைத்து, வரைபடத்தில் இல்லாத ஒரு தீவில் ஏற்றுவான். அங்கே ஒரு ராஜா இருப்பான், அங்கேயும் வக்கீல் இருப்பான். அவனைத் திட்டலாம். யாரும் கேட்க முடியாது. லண்டனிலும் பாரீசிலும் ஜனங்கள் வாங்கிப் படித்துச் சிரித்தார்கள். அதே வருஷங்களில் அவர்களுடைய நிஜக் கப்பல்கள் நம் கரையில் துணி வாங்க நின்றுகொண்டிருந்தன என்பதையும் நான் வகுப்பில் சொல்வேன். பாடத்திட்டத்தில் அது இல்லை.

ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதப் படிச்சிட்டு யாராவது திருந்தினாங்களா?"

பரீட்சைக்கு வராத கேள்வி, உட்கார் என்றேன். அன்றைக்கு முழுக்க அந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. நான் இவ்வளவு நாள் நடத்தியது வெறும் வேடிக்கைதானா என்று எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம்தான் வீட்டுக்காரர் மேலே வந்தார். தெரு அம்மன் கோயில் விழாக் கமிட்டிக்கு அவர் செயலாளர். வருஷா வருஷம் விழா மலர் போடுவார்.

"டீச்சரம்மா, மலருக்கு ஒரு கத எழுதிக் குடுங்கமா. எப்பப் பாத்தாலும் அம்மன் பாட்டும் ஜவுளிக்கட விளம்பரமும்தான் போட்டுக்கினு இருக்கிறோம். படிச்சவங்க நம்ம வீட்ல இருக்கறாங்கன்னு நாலு பேருக்குத் தெரிய வாணாமா?"

சரி என்றேன். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன்.

ஒரு கப்பல் உடைகிறது. ஒருவன் நீந்திக் கரையேறுகிறான். சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறான். ஒரு இரவு தங்க இடம் கேட்கிறான். அந்தத் தீவில் ஒரு சட்டம் உண்டு. வந்தவனைப் பார்த்து 'நீ யார்' என்று கேட்டால் சிறை. தீவுக்காரர்கள் சட்டத்துக்குப் பயந்தவர்கள். அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக இருபத்தொரு கேள்வி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் எது? உங்கள் வீடு ஏரிக்கு எந்தப் பக்கம்? ஞாயிற்றுக்கிழமை உங்கள் அடுப்பில் என்ன வேகும்? உங்கள் ஊரில் பிணம் எந்த வழியாகப் போகும்? உங்கள் தாத்தாவை ஊரார் எப்படிக் கூப்பிட்டார்கள்? இப்படி இருபத்தொன்று. மரியாதையாக, சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்டு முடிப்பதற்குள் அவன் துணி உடம்பிலேயே காய்ந்துவிடுகிறது. தீவின் தலைவர் எழுந்து கும்பிட்டுச் சொல்கிறார்: 'எங்கள் வீடுகள் நனைந்தவர்களுக்குத்தான். நீங்கள்தான் காய்ந்துவிட்டீர்களே.'

கணவர் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"இது நம்ம வீட்டுக்கார ஐயாதானே?"

"யாரா இருந்தா இன்னா?"

"இன்னாவா? பாப்பாவுக்குப் பரிட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. அவ புக்கு மூட்டையத் தூக்கிக்கினு எங்க போயி வீடு தேடுவ? உன் தீவுலயா?"

"அவரு படிச்சா புரியட்டும்."

"புரிஞ்சா காலி. புரியலன்னா எதுக்கு எழுதின?"

ஆனாலும் கொடுத்துவிட்டேன். அடக்கிக்கொண்டு இருப்பது எனக்கு வராது.

மலர் அச்சாகி வந்த அன்று காலை சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கீழே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஐந்தும் நின்றுவிட்டன. அந்த வீட்டில் பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. யாரோ உரக்கப் படிக்கிற மாதிரி ஒரு குரல். பிறகு படியில் செருப்புச் சத்தம். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். படி, உன் வேலையைப் பார் என்றேன்.

வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் மலர், மூக்கில் கண்ணாடி.

"டீச்சரம்மா. இருபத்தொரு கேள்வி."

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"எப்பிடிமா யோசிச்சீங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்தத் தலைவன் இருக்கிறான் பாருங்க, கில்லாடிமா அவன்! ஒரு வார்த்த தப்பாக் கேக்கல. எவனும் அவன் மேல கேஸ் போட முடியாது. ஆனா ஆளு யாருன்னு கண்டுபுடிச்சிட்டான். தறிக்காரங்க எல்லாம் வேலைய நிறுத்திட்டு இதத்தான் கேட்டுக்கினு இருக்கறாங்க."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வீடு தப்பித்தது என்ற நிம்மதி. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது. அவர் இறங்கிப் போன பிறகுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. நான் எவனை அயோக்கியனாக எழுதினேனோ அவனை அவர் கதாநாயகனாகப் படித்திருக்கிறார். அவருக்கு அது கிண்டல் இல்லை, வழிகாட்டி.

பத்து நாளில் கமிட்டி ஆட்கள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தார்கள். கேள்விகளை மட்டும் தனியாக டைப் அடித்து, லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்கள். வாடகைக்கு விடுகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கிறதாம். வீட்டுக்காரரின் மனைவி என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்க வீட்டு டீச்சர் எழுதினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கறாரும்மா." நான் தலையாட்டினேன். மகளின் பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழேயிருந்து குரல் வந்தது. "டீச்சரம்மா, கொஞ்சம் வாங்கமா."

எங்கள் பக்கத்துக் காலி வீட்டைப் பார்க்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், புருஷன் கூரியர் ஓட்டுகிறவர். கல்யாணமாகிச் சில மாதம்தான் இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் அந்த லேமினேட் அட்டையை என் கையில் கொடுத்தார். ஓரமாக அழைத்துப் போய், "நீங்களே கேளுங்கமா. நான் கேட்டா போலீசு விசாரிக்கிற மாதிரி இருக்குது. எழுதினவங்க கேட்டா அழகா இருக்கும்" என்றார்.

முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில் கேட்டேன்.

ஊர் எது என்றேன். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரைச் சொன்னாள். ஏரிக்கு எந்தப் பக்கம் என்றேன்.

"கெழக்குப் பக்கம் மேடம்."

"ஞாயித்துக்கெழம வீட்ல என்ன சமையல்?"

புருஷன் முந்திக்கொண்டான். "இவளுக்கு டூட்டின்னா நான் வெக்கிற ரசம்தாங்க. அதக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களும் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, ம், அடுத்தது என்பது போலக் கண்ணைக் காட்டினார். நான் அட்டையைப் பார்த்தேன். நான்காவது, பிணம் எந்த வழியாகப் போகும்.

தலை நிமிர்ந்தபோது அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன் நோயாளி பார்ப்பது போல. அவளுக்கு இது எத்தனையாவது வீடோ. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான்கு வீட்டில் நானே அப்படிப் பார்த்திருக்கிறேன்.

அட்டையை வீட்டுக்காரர் பக்கம் திருப்பினேன்.

"ஐயா, இதுக்கு நான் பதில் சொல்றேன்."

"நீங்க எதுக்குமா?"

"எங்க ஊர்ல பொணம் வயல் வழியாப் போவும். ஊருக்குள்ள நல்ல ரோடு இருக்குது. எங்க பொணம் அதுல போவக் கூடாது. எங்கப்பாவ முழங்கால் சேத்துல தூக்கிக்கினு போனோம். அஞ்சாவது கேள்வி. எங்க தாத்தாவ ஊர்ல சின்னப் பசங்ககூட டேய்னுதான் கூப்பிட்டாங்க. ஆறாவது..."

"டீச்சரம்மா."

"தென்னேரி காலனி ஐயா. அன்னைக்கு உங்களுக்கு போன் வந்திடுச்சி. நீங்க கேக்கல. நானும் சொல்லல."

வீட்டுக்காரரின் மனைவி உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "கதையக் கதையாப் பாக்கணும்மா. எதுக்கு இவ்ளோ கோவம்?" என்றார்.

நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அந்தத் தம்பதி செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பின்னாலேயே போனேன். அந்தப் பெண் நின்று திரும்பினாள்.

"உங்க பதில நீங்க சொல்லிட்டீங்க மேடம். எங்க வீடு போச்சு. நாங்க எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்போம். எனக்கு ஆஸ்பத்திரி இந்தத் தெருவுக்குப் பின்னாடிதான்."

அவள் சொன்னது சரி. புருஷன் வண்டியைக் கிளப்பினான், போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்தார். முன்பெல்லாம் வாசல் வரை வருவார். அன்றைக்குப் பாதிப் படியில் நின்றுகொண்டார்.

"மேல தளம் ஒழுகுதுமா. கொத்தனார் வராரு. பாப்பா படிக்கிற நேரம், உங்களுக்குத்தான் தொந்தரவு."

"ஒழுகலயே ஐயா. மழைக்கே ஒழுகல."

"தம்பி பையன் வரேன்னு சொல்றான்."

"உங்களுக்குத் தம்பி கெடையாது."

"வாஸ்து பாக்கறவரு ஒருத்தரு வந்திருந்தாரு..."

"ஐயா, ஒரு பேப்பர எடுங்க. எதுக்குக் காலி பண்ணச் சொல்றீங்கன்னு ஒரே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சாயங்காலமே மூட்டையக் கட்டிடறேன்."

வருஷா வருஷம் மலர் அச்சேற்றுகிற மனிதர். ஒரு வரி எழுத முடியவில்லை. படிக்கட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே மகள் உரக்க அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு காதில் விழக்கூடாது என்றுதான் அவ்வளவு உரக்கப் படித்தாள்.

"பரிட்ச முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

இப்போது பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு பாக்கி. வீட்டுக்காரர் காலையில் தண்ணீர் மோட்டார் போடுவதில்லை. கணவர் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வருகிறார். என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்காரரின் மனைவி என்னைப் பார்த்தால் பூக்கட்டுகிற கையோடு திரும்பிக்கொள்கிறார். மகள் மட்டும் நேற்று, "நான் சென்டம் எடுத்தா இங்கயே இருக்கலாமாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் பொய் சொல்ல மாட்டேன்.

மாலையில் நானும் கணவரும் வீடு தேடிப் போகிறோம். படியேறியதும், எதையும் கேட்பதற்கு முன்னால் நாங்கள் யார் என்று நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். நேற்று ரயில்வே ரோட்டுப் பக்கம் ஒருவர், வயதானவர், கதவைச் சாத்தவில்லை. "பையனக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்மா" என்று நம்பரை வாங்கிக்கொண்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கணவர் வரும் வழியெல்லாம், வராது, நம்பாதே என்றார்.

இன்றைக்கு மதியம் வரை போன் வரவில்லை. அந்தப் பெரியவரின் நம்பரும் என்னிடம் இருக்கிறது. ஆறு மணிக்குள் கூப்பிடாவிட்டால் நானே கூப்பிட்டுக் கேட்கப் போகிறேன். இல்லை என்றால் இல்லை என்று அவர் வாயால் சொல்லட்டும்.