எல்கடுவ ஷியாமும் சுண்ணாம்புக் கோடும்

"எத்தனை கிளாஸ் போட்டாலும் என் த்ரீவீல் கோட்டுலதான் போகும். வெறி எனக்குத்தான், வண்டிக்கு இல்ல."

எல்கடுவச் சந்தியில் நின்று ஷியாம் இதை அறிவித்தபோது அவனுக்கு வயது இருபத்தாறு. அடுத்த மூன்று வருடங்களும் த்ரீவீல் ஸ்டாண்டில் அது சட்டமாகவே இருந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சட்டங்களுக்கு அந்த வசதி உண்டு.

குடியைப் பற்றி ஷியாமிடம் ஒழுங்கான கொள்கைகள் இருந்தன. சாராயம்தான் குடி, பியர் தாகத்துக்கு. கலியாண வீட்டில் குடிப்பது மரியாதை, சாவு வீட்டில் ஆறுதல், மழைக்கு மருந்து. எல்கடுவயில் மழைக்குப் பஞ்சமில்லை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால், வருடத்தில் அவன் குடித்ததே இரண்டு தடவைதான். அதற்கும் பின்னால் ஒரு தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, கடித்துவிடுவான். தேசிக்காய் கடித்தவனுக்கு வெறி தங்காது என்பது ஸ்டாண்டின் மருத்துவக் கண்டுபிடிப்பு.

அந்த ஸ்டாண்டில் குடிக்காதவன் கஜீபன் ஒருவன்தான். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து, நடந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுவான். அவனுக்கு 'பால்போத்தல்' என்று பெயர் வைத்ததும் ஷியாம்தான்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் இளைஞர்களுக்கு மது விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்தது. மாத்தளையிலிருந்து வந்த றுஸ்னா மிஸ் தரையில் சுண்ணாம்பால் நேராக ஒரு கோடு இழுத்து, தடித்த கண்ணாடி ஒன்றை நீட்டினார். அதைப் போட்டால், குடித்தவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியுமாம். ஷியாம் நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்து, அதை மாட்டிக்கொண்டு கோட்டில் நடந்தான். நாலாவது அடியில் பூந்தொட்டிக்குள் காலை வைத்தான்.

"கண்ணாடி பழுது, மிஸ்."

"கண்ணாடி சரிதான் தம்பி. நீங்க வண்டி ஓட்டுறவங்களா?"

"ஒம்பது வருஷமா."

"போட்டுட்டு ஓட்டியிருக்கீங்களா?"

"கண்ணாடியவா மிஸ்?"

முற்றமே சிரித்தது. விவாதத்தில் தானே வென்றதாக ஷியாம் எடுத்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் அவனுக்கு ஒரு முக்கியமான பயணம் இருந்தது. மனைவி மதுஷிகாவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் அவளை யட்டவத்தையில் கொண்டுபோய் விடவேண்டும். அப்பாவாகப் போகிறவனைச் சும்மா அனுப்புவது ஸ்டாண்டுக்கு அழகில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையின் பின்னால் தாகத்துக்கு இரண்டு பியர் வந்தது. பிறகு மரியாதைக்குக் கொஞ்சம் சாராயம். ஷியாம் முறைப்படி தேசிக்காயைக் கடித்துவிட்டு, கோயில் முற்றத்தில் நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கப் போனான்.

முற்றத்தில் ஒருவரும் இல்லை. சுண்ணாம்புக் கோடு மட்டும் அழியாமல் கிடந்தது.

றுஸ்னா மிஸ்ஸின் கண்ணாடியை நிரந்தரமாகப் பொய்யாக்கிவிடும் எண்ணத்தோடு அவன் வெறுங்கண்ணால் கோட்டில் நடந்தான். நாலாவது அடியில் கால் வெளியே போனது. செருப்பில் குற்றம் என்று அதைக் கழற்றி வைத்தான். மூன்றாவது அடியிலேயே போனது. சட்டைப்பையில் மிச்சமிருந்த பாதித் தேசிக்காயையும் சப்பிவிட்டு மறுபடி நடந்தான். அதே பூந்தொட்டி.

கொஞ்ச நேரம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். மலையிலிருந்து இறங்கும் வளைவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஓரத்தில் சுண்ணாம்பு போட்ட வளைவு ஒன்றும் அவன் ஞாபகத்தில் இல்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தான்.

"கஜீபன், யட்டவத்தைக்கு ஒரு ஹயர் ஓடணும்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் கஜீபனுக்கே சந்தேகம் வந்தது. "ஒன் வண்டிக்கு என்னடா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல." ஷியாம் சாவியை நீட்டினான். "மத்தவனுங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்காத."

தோட்டத்து லயத்தில் வீட்டு வாசலில் பையோடு நின்ற மதுஷிகா முன் சீட்டில் கஜீபனைக் கண்டு புருவத்தை உயர்த்தினாள்.

"நீங்க ஓட்டலியா?"

"இல்ல. ஏறு."

அவளுடைய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷியாம் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் வளைவில் கஜீபன் ஹோர்ன் அடித்தான். இரண்டாவது வளைவு வருமுன்னே, "ஹோர்ன் அடிடா" என்றான் ஷியாம்.