இறந்தோர் ஏட்டில் அத்தையின் பெயர்

கைபேசித் திரையில் ஒரு பழைய பதிவேட்டின் பக்கம் தெரிந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்துச்சாலையில் இறந்தவர்களின் பெயரை எழுதிவைத்த ஏடு அது. எங்கள் மலைநாட்டு அருங்காட்சியகம் ஒன்று சனிக்கிழமைப் பின்னேரங்களில் இணையவழிக் கூட்டம் நடத்தும். சேகரிப்பிலிருந்து ஒரு பொருளைக் காட்டுவார்கள். தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொல்லுவார்கள், ஊர் விசாரிப்பார்கள், சிரிப்பார்கள். என்னை வளர்த்த அத்தைக்கு அதில் கொள்ளை ஆசை. கொழுந்துக் கூடையைக் காட்டிய வாரம் அவர் பேசப் பேச எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தெம்பில்தான் அன்றும் வந்து உட்கார்ந்தார்.

கூட்டத்தை நடத்திய பெண் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். "செல்லாயி, வயசு பதினொண்ணு, காய்ச்சல். இந்தப் புள்ளைய யாருக்காச்சும் ஞாபகம் இருக்குங்களா?"

"அது நான்தானே," என்றார் அத்தை.

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். ஒலியை அடைத்துவைக்க நான் மறந்திருந்தேன். திரையிலிருந்த முகங்கள் எல்லாம் எங்களையே பார்ப்பதுபோல இருந்தது. பதறிப்போய் இணைப்பைத் துண்டித்தேன்.  

கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் அத்தை விஷயத்தைச் சொன்னார். காய்ச்சலில் செத்தது அவரைவிட மூன்று வயது மூத்த அக்கா முத்தம்மா. தோட்டத்து வேலைக்குப் பேர் பதியும் வயது அக்காவுக்குத்தான் வந்திருந்தது. அம்மா இல்லை, அப்பாவோ மலையேற முடியாத நோயாளி. வீட்டில் ஒருவருக்காவது பேர் இல்லாவிட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று பயந்து, அப்பா மருந்துச்சாலையில் இறந்தது தங்கை செல்லாயி என்று சொல்லிவிட்டு வந்தார். மறுமாதம் பதினோரு வயது அத்தை, முத்தம்மாவாகக் கொழுந்தெடுக்கப் போனார். அடையாள அட்டை முதல் எல்லாமே அந்தப் பெயரில்தான். அடுத்த வியாழக்கிழமை, தோட்ட மக்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் புது வீட்டின் காணி உறுதிப் பத்திரத்தில் அதே பெயரில்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"பொய்ப் பேருன்னு தெரிஞ்சா வீட்டப் புடுங்கிருவாங்கடா. நான் பேசுனத அழிக்கச் சொல்லு."

உடனே அந்தப் பெண்ணுக்கு அழைத்தேன். பதிவிலிருந்து அந்த இடத்தை வெட்டிவிட்டதாகச் சொன்னார். பிறகு, "பயப்படாதீங்க. எங்கம்மாவும் அவங்க அக்கா பேர்லதான் வேலை செஞ்சாங்க," என்றார். அத்தை அதை நம்பவில்லை. கையெழுத்தெல்லாம் வில்லங்கமில்லாமல் முடிந்து வீடும் கிடைத்தது. ஆனாலும் பாதையில் ஜீப் சத்தம் கேட்டால், விசாரிக்க ஆள் வருகிறது என்று அடுப்படிக்குள் போய்விடுவார். சனிக்கிழமைக் கூட்டத்தில் மறுபடி அவர் உட்காரவே இல்லை. ஒரு பொத்தானை அமுக்க மறந்த பாவி நான்.

போன மாதம் அத்தை போய்விட்டார். இறப்பைப் பதியப் போனபோது உத்தியோகத்தர் பெயரைக் கேட்டார்.  "முத்தம்மா," என்றேன். வயதைக் கேட்டார். அத்தையின் வயதோடு மூன்றைக் கூட்டிச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். காய்ச்சலில் போன பெரியத்தையின் சாவு இத்தனை வருடம் கழித்து அன்றுதான் எழுத்தில் ஏறியது. என்னை வளர்த்தவர் பதினோரு வயதிலேயே செத்துப்போனதாக அருங்காட்சியகத்து ஏட்டில் இருக்கிறது.