பெரிய கேஸட்டா, சின்ன கேஸட்டா?

கல்யாணத்தை வீடியோ எடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதை எந்த கேஸட்டில் போட்டுக் கொடுப்பது என்பதில்தான் எங்கள் பிராணன் போகும்.

எண்பதுகளின் நடுவில் தென்காசியில் வீடியோக் கடை வைத்திருந்தவன் நான். அப்போது கேஸட்டில் இரண்டு ரகம். வி.எச்.எஸ். பெரியது, பீட்டா சின்னது. ஒன்றைப் போட்டு ஓட்டும் டெக்கில் மற்றது நுழையவே நுழையாது. உள்ளூர்க்காரர் என்றால் மறுநாளே மாற்றிக் கொடுத்துவிடலாம். லீவு கிடைக்காமல் மஸ்கட்டிலோ குவைத்திலோ கிடப்பவனுக்குத் தப்பான கேஸட் போய்ச் சேர்ந்தால், அவன் கல்யாணத்தைப் பார்த்த மாதிரிதான். இந்தத் தொழிலில் அடிபட்ட சக பாவிகள் இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

கறுப்பாக இருக்கும்

சுரண்டையில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி. இளைய மகள் கல்யாணத்தை எடுத்தேன். குவைத்தில் இருக்கும் மூத்த மருமகனுக்கு ஒரு காப்பி வேண்டும் என்றார். "அவருகிட்ட இருக்கது எந்த டெக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கறுப்பா இருக்கும்" என்றார். உலகத்தில் உள்ள எல்லா டெக்கும் கறுப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? குத்துமதிப்பாகப் பெரிய கேஸட்டில் போட்டுக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து மருமகன் லீவில் வந்தபோது, பிரிக்காத மிட்டாய்ப் பெட்டி மாதிரி அந்த கேஸட்டும் கூடவே வந்தது. அங்கே இருந்தது பீட்டா. அண்ணாச்சி சத்தம் போடவில்லை. கேஸட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி, சட்டை தைக்கவன்கூட அளவு கேட்டுட்டுதான தைக்கான்?"

பென்சில் கோடு

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் காப்பி கேட்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "அங்க இருக்க ஒரு கேஸட்ட லெட்டர் பேப்பர் மேல வச்சு, சுத்திப் பென்சிலால கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்க." சம்பாதிக்கப் போன ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி குனிந்து உட்கார்ந்து கோடு போட்டு அனுப்பினார்கள். நான் அதன் மேல் ஒரு கேஸட்டை வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

கடையத்தில் இருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் புருஷன் துபாய் போய்விட்டான். அவள் கடிதத்தைக் கொண்டுவரவில்லை. கோட்டோடு ஒட்டி வெட்டிய துண்டை மட்டும் கொண்டுவந்திருந்தாள். நான் கேஸட்டை எடுக்கத் திரும்புவதற்குள் எழுத்து தெரியக் கிடந்த துண்டைச் சட்டென்று புரட்டி உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அவன் பின்பக்கமும் எழுதியிருக்கிறான்! முகமெல்லாம் சிவந்துபோய்ச் சொன்னாள்: "அண்ணே, அளவு மட்டும் பாருங்க. மத்தத நான் பாத்துட்டேன்."

ரெண்டும் கெட்டான்

அடுத்தது கோமதியம்மாள். கணவரை இழந்தவர். மகன் கணபதி மஸ்கட்டில் இருந்தான். மகள் கல்யாணம் ஆனி மாதம் குற்றாலத்தில், சாரலோடு சாரலாக நடந்தது. தங்கை கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று அவன் கடிதத்துக்குக் கடிதம் அழுதிருந்தான். அவன் அருவிப் பைத்தியம் என்று கேள்விப்பட்டு, மாப்பிள்ளை வீட்டார் குளிக்கப் போனபோது நானும் பின்னாலேயே போய் அருவியை மட்டும் இருபது நிமிஷம் எடுத்தேன். லென்ஸைத் துடைத்துத் துடைத்து என் வேட்டி முனை நனைந்துபோனது.

மஸ்கட்டுக்குப் போகிற மேலகரத்துக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். ஒரே ஒரு கேஸட்தான் கொண்டுபோவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புதன்கிழமைதான் கணபதியின் கோடு வந்தது. பீட்டாவை வைத்தேன், கோடு பெரிது. வி.எச்.எஸ்.ஸை வைத்தேன், கோடு சின்னது. எனக்கு வேர்த்துவிட்டது. இதிலும் தப்பு செய்தால் அந்தப் பையன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கோமதியம்மாள் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். அவர் சொன்னதும் ஒரு பீட்டாவை அதன் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. அவர் சொன்னது இதுதான்: "உறையோட வச்சுக் கோடு போட்டிருப்பான் தம்பி. ஜாமெட்ரி பாக்ஸுக்கே உறை தச்சுக் கேட்ட பய."

மஸ்கட் கடிதம்

மூன்று வாரம் கழித்து அவர் பதில் கடிதத்தோடு வந்தார். கேஸட் நன்றாக ஓடியதாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கீழ வாசியுங்க" என்றார். கணபதி எழுதியிருந்தான்: "ரூமில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அருவி நல்லா வந்திருக்கு. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன், நீ எங்கேயுமே இல்லையே அம்மா. உனக்கு என்ன ஆச்சு? எல்லாரும் சேர்ந்து எங்கிட்ட எதையும் மறைக்கியளா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இருந்த மூன்று மணி நேரப் படத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில், சாமான் வைத்திருக்கும் உக்கிராண அறை வாசலில் ஒரு கை வெற்றிலைத் தட்டை வெளியே நீட்டுகிறது. அது அவருடைய கை. சுபகாரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று அவரே ஒதுங்கி உள்ளே இருந்துகொண்டார். கேமராவைத் தூக்கிக்கொண்டு அருவிவரை ஓடிய எனக்கு அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அங்கேயே, கடை வாசலில் அவரை நிறுத்திக் கேமராவைத் தோளில் வைத்தேன். "என்னையப் போய் எதுக்கு" என்று முதலில் முந்தானையால் முகத்தை மூடினார். பிறகு போட்டோவுக்கு நிற்பதுபோல் அசையாமல் நின்றார். "பேசுங்க பெரியம்மா, அவனுக்குக் கேக்கும்" என்றேன். கேமராவை நேராகப் பார்த்தார். "ஏலே கணபதி, எனக்கு ஒண்ணும் இல்லலே. நல்லாத்தான் இருக்கேன். உக்கிராணச் சாவி எங்கிட்டல்லா இருந்துது."

பெரிய கேஸட்டா சின்ன கேஸட்டா என்று ஊரையே பென்சில் பிடிக்க வைத்த எனக்கு, அங்கே இருப்பவன் அந்த கேஸட்டுக்குள் யாரைத் தேடுவான் என்று கேட்டுக்கொள்ள ஒரு கல்யாணம் முழுசாக முடிய வேண்டியிருந்தது.